அமலி செய்த துரோகம்

இப்படி வந்து உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். பெங்களூர்லேர்ந்து வந்த பொண்ணு என் வீட்டுல விழுந்து கையை உடைச்சுக்கிட்டா அதுக்கும் என்னைத்தான் சொல்வாங்க. இந்தப் பொன்மலையில எது நடந்தாலும் பெர்க்மான்ஸ் தலையிலதான் விடியும்.

அமலியைப் பத்திப் புத்தகம் எழுதறேன்னு போன்ல சொன்னீங்க. எழுதுங்க. எலெக்ட்ரிக் கிட்டாரை நம்ம பக்கத்துல அப்படி வாசிச்ச முதல் ஆளு அவதான்னு பேப்பர்ல போட்டாங்க, செத்ததுக்கப்புறம். ஷில்லாங்ல அவ பேர்ல வருஷா வருஷம் கச்சேரி நடக்குதாமே. பொம்பளப் புள்ளைங்களா வந்து வாசிக்குதுங்களாம். இருக்கட்டும். ஆனா அமலி யாரு? பாய்லர் ஷாப் சவரிமுத்து மக அமலோற்பவம். நான் அவளுக்கு அண்ணன், அஞ்சு வயசு மூத்தவன். அவ எனக்குப் பண்ணின துரோகத்தையும் எழுதுவீங்கன்னா சொல்றேன். இல்லைன்னா காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

ஜெசிந்தா! ரெண்டு காபி! என் வீட்டுக்காரிதான். காது மந்தம். வேணும்னும் கேக்காம இருப்பா.

மொதல்ல, கிட்டார் என்னோடது. இதை எழுதிக்குங்க. கிட்டார் பெர்க்மான்ஸோடது. எங்க குவார்ட்டர்ஸ் லைன்ல ஒரு சட்டைக்கார டிரைவர் குடும்பம், அதான் ஆங்கிலோ இந்தியங்க, இருந்துச்சு. அவங்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பறப்போ வீட்டுச் சாமானெல்லாம் கொடுத்துட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டுக்காரன் கட்டில் எடுத்தான், நான் கிட்டார் எடுத்தேன். அறுபத்தெட்டாம் வருஷம். சிவப்புக் கலர். எலெக்ட்ரிக் கிட்டாருன்னா சும்மா வாசிச்சா கொசு ரீங்காரம் மாதிரிதான் கேக்கும். அதனால எங்க வால்வு ரேடியோவுக்குப் பின்னால கிராமபோன் சொருகற ஓட்டை இருக்குமில்ல, அதுல ஒயரைச் சொருகினேன். அந்த யோசனை யாரோடது? என்னோடது.

நான் அப்போ ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். சாயந்திரம் வந்து குளிச்சிட்டு ஒரு மணி நேரம் வாசிப்பேன். அவ ஒரு ஓரமா உட்கார்ந்து அரிசியில கல் பொறுக்குவா. பதினேழு வயசு. அம்மா செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, வீட்டு வேலை பூரா அவதான். நான் வாசிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருப்பா. அப்போ யாரும்மா சொல்லிக் கொடுத்தது? நான்தானே?

ஒரு நாள் ஷாப்ல கரண்ட் போயிடுச்சுன்னு மத்தியானமே அனுப்பிட்டாங்க. லைன் திரும்பறப்பவே கிட்டார் சத்தம் கேக்குது. எனக்கு மூணு மாசமா வராத ஒரு இடம் இருந்துச்சு, விரல் மாட்டிக்கும். அதே இடம், தண்ணி மாதிரி ஓடுது. நான் ரேடியோல யாரோ வாசிக்கிறாங்கன்னுதான் நெனச்சேன். உள்ளே போனா இவ. அடுப்புல சோறு பொங்கி வழியுது, அதைக்கூடப் பார்க்கல. என்னைக் கண்டதும் கிட்டாரைக் கட்டில்ல வச்சிட்டு எழுந்து நின்னா.

"தொட்டதுக்கு மன்னிச்சுக்கண்ணே"ன்னா.

நான் அடிச்சேனா? திட்டினேனா? "இன்னொரு தடவை வாசி"ன்னேன். எந்த அண்ணன் சொல்வான், அந்தக் காலத்துல?

அப்புறம் அந்த சத்தம். எல்லாரும் அதைத்தான் பேசறாங்க, கரகரன்னு தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம், அது எப்படி வந்துச்சுன்னு. எலி! எங்க ரேடியோ ஸ்பீக்கர்ல இருக்கிற பேப்பரை எலி கடிச்சு வச்சிருச்சு. நான் பசை போட்டு ஒட்டப் போனேன். கையைப் புடிச்சுக்கிட்டா. "ஒட்டாதண்ணே, இப்பத்தான் அது பேசவே ஆரம்பிச்சிருக்கு"ன்னா. பைத்தியமான்னு கேட்டேன். இன்னிக்கு வெளிநாட்டுக்காரன் அதைப் பத்திக் கட்டுரை எழுதறான். ஒட்டாம விட்டது நான்தானே? நான் ஒட்டியிருந்தா?

கம்பியை இழுத்து இழுத்து வாசிப்பாளே, கீழேர்ந்து மெல்ல ஏறி, உச்சியில நின்னு, அப்படியே இறங்கும். அதுக்கு ஷில்லாங் பசங்க 'சங்கு'ன்னு பேரு வச்சிருக்காங்களா? இப்பத்தான் கேள்விப்படறேன். அது எங்க ஒர்க்‌ஷாப் சங்கும்மா. காலையில ஷிஃப்டுக்கு ஊதறது. நானும்தான் அறுபது வயசு வரைக்கும் தினம் கேட்டேன். எனக்கு அது டோக்கன் போட ஓடற நேரம். அவளுக்கு என்னமோ வேற மாதிரி கேட்டிருக்கு.

சரி, எங்க பேண்டு கோஷ்டிக்கு வர்றேன். டிரம்ஸுக்குக் கிளைவ், சட்டைக்காரப் பையன். பேஸ் கிட்டாருக்கு இருதயராஜ், எங்கூட ஷாப்ல வேலை பார்த்தவன். நான் பாட்டும் கிட்டாரும். ரயில்வே இன்ஸ்டிடியூட்ல கிறிஸ்மஸ் டான்ஸுக்கு வாசிக்கக் கூப்பிட்டாங்க. கிளைவ்தான் ஆரம்பிச்சான். "பெர்க், உன் தங்கச்சி வாசிக்கட்டும்டா, நீ பாடு"ன்னான். அப்பாகிட்ட யாரு கேக்கறது? அப்பாவுக்குக் கோயில் பாட்டே சத்தமா பாடினா ஆகாது. ஒரு பொம்பளப் புள்ள மேடையில காலை அகட்டி நின்னு வாசிக்கிறதுன்னா கொன்னே போட்டிருப்பார்.

அப்போ நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மேடைக்குப் பின்னால திரை. திரைக்குப் பின்னால அவ ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பா. முன்னால நான் இன்னொரு கிட்டாரைப் போட்டுக்கிட்டு நிப்பேன். என் கிட்டார் ஒயர் எதுலயும் சொருகியிருக்காது. நுனியை பேண்ட் பாக்கெட்டுல வச்சுப்பேன். அப்பாகிட்ட, அமலி கிளைவோட அம்மாவுக்கு கேக் போட ஒத்தாசையா போறான்னு சொல்லிடுவோம். அவளும் வாசிச்ச மாதிரி ஆச்சு, மானமும் போகல. அவ நல்லதுக்குத்தானே?

சும்மா கையை அசைக்கிறதுன்னு சுலபமா நெனைக்காதீங்க. அவ எங்க இழுப்பா, எங்க நிறுத்துவான்னு எனக்குத் தெரியணும். இன்னிக்கு வாசிச்ச மாதிரி நாளைக்கு வாசிக்க மாட்டா. நான் முன்னால நின்னு தவிப்பேன். அந்தக் கஷ்டம் யாருக்குத் தெரியும்?

ரெண்டு வருஷம் அப்படியே ஓடிச்சு. திருச்சி, ஈரோடு, ஜோலார்பேட்டை, ரயில்வே காலனி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம். ரயில்வே பாஸ் இருக்கு, அப்பாகிட்ட ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிட்டு ஏறி உட்கார வேண்டியதுதான். பசங்க வந்து என் கையைத் தொட்டுப் பார்ப்பாங்க. "சார், அந்த இடத்தை எப்படி சார் இழுக்கறீங்க?"ன்னு கேப்பாங்க. அவ பக்கத்துல பொட்டியைத் தூக்கிக்கிட்டு நிப்பா. நான் சொல்வேன், "பழக்கம்தான் தம்பி"ன்னு. வேற என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க.

எழுபத்தொண்ணுல மெட்ராஸ்ல ஒரு ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டுது. பெரம்பூர்ல சித்தி வீட்டுக்குப் போறோம்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் போனோம். ரெண்டு பாட்டு. அதுல ரெண்டாவது பாட்டு நடுவுல அவ ஒரு ஒண்ணரை நிமிஷம் வாசிச்சா. மெஷின் ஓட்டிக்கிட்டிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு உட்கார்ந்துட்டார். அதுதான் இன்னிக்கு நீங்க எல்லாரும் தேடிக் கேக்கற அந்த ஒண்ணரை நிமிஷம்.

வெளியில வர்றப்போ ஒரு காகிதத்தைக் கொடுத்து யாரு யாரு என்ன வாசிச்சாங்கன்னு எழுதித் தரச் சொன்னாங்க. நான் எழுதிக் கொடுத்தேன். லீட் கிட்டார், எஸ். பெர்க்மான்ஸ். வேற எப்படி எழுதறது? அப்பா கையில அந்த இசைத்தட்டு கிடைச்சா? யோசிச்சுத்தான் எழுதினேன்.

தட்டு வந்தப்போ அவதான் உறையைப் பிரிச்சா. ரொம்ப நேரம் பார்த்தா. "என் பேரு எங்கண்ணே?"ன்னா.

"எல்லாம் ஒரே வீட்டுப் பேருதானே"ன்னேன்.

அழுதாளான்னா இல்ல. எழுந்து போய்த் துணி துவைச்சா. அன்னிக்கே அவ மனசுல விஷம் ஏறியிருக்கணும். நான் வெகுளி, எனக்குப் புரியல.

அந்த வருஷம் டிசம்பர்ல மெட்ராஸ்ல பெரிய போட்டி. ஒரு சோப்புக் கம்பெனி நடத்தினது. பம்பாய், கல்கத்தாவுலேர்ந்தெல்லாம் பேண்டுங்க வந்திருந்தாங்க. காலேஜ் ஹால், சாயந்திரம் அஞ்சு மணிக்கே நிறைஞ்சு போச்சு. போய்ப் பார்த்தா மேடையில திரையே இல்ல. பின்னால வெறும் செவுரு. சரின்னு அவளை மேடை ஓரத்துல, தூண் மறைவுல உட்கார வச்சோம். ஒயர் எட்டாதுன்னு நானே உட்கார்ந்து முப்பது அடி ஒயரை சால்டர் வச்சு இணைச்சுக் கொடுத்தேன். ஸ்டூல் ஆடக்கூடாதுன்னு அடியில அட்டை மடிச்சு வச்சேன். அவ்வளவு பார்த்தேன் அவளை.

மேடை ஏறறதுக்கு முன்னால என்கிட்ட வந்தா. மஞ்சள் தாவணி போட்டிருந்தா. செருப்பில்ல.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் நானே நிக்கட்டுமா? மெட்ராஸ்தானே, அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

நான் மாட்டேன்னு சொல்லல. கவனிங்க, மாட்டேன்னு சொல்லவே இல்ல. "எறங்கினதுக்கப்புறம் பேசிக்கலாம்"னேன்.

ஆரம்பிச்சோம். நான் பாடினேன். அந்த ஒண்ணரை நிமிஷம் வந்துச்சு. நான் முன்னால போய் நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, தலையைச் சாய்ச்சுக்கிட்டுக் கையை அசைக்க ஆரம்பிச்சேன். சங்கு ஏறுது. திடீர்னு ஹால்ல ஒரு சத்தம், ஓன்னு. நமக்குத்தான்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் வேகமா அசைச்சேன். கண்ணைத் திறந்தா எல்லாரும் எனக்கு வலது பக்கம் பார்க்கறாங்க.

அவ என் பக்கத்துல நிக்கறா.

தூணுக்குப் பின்னாலேர்ந்து நடந்து வந்திருக்கா. ஒயர் பின்னாலேயே இழுத்துக்கிட்டு வந்திருக்கு. என்னைப் பார்க்கவே இல்ல. யாரையும் பார்க்கல. சங்கை உச்சியில நிறுத்தி, நிறுத்தி, எறக்கவே மாட்டேங்கறா. என் கை அது பாட்டுக்கு அசைஞ்சுக்கிட்டிருக்கு, நிறுத்தத் தெரியல எனக்கு. முன் வரிசையில ஒருத்தன் எழுந்து, "அவன் பாக்கெட்டைப் பாருடா!"ன்னான். ஒயர் நுனி பேண்ட் பாக்கெட்டுல. ஹாலே சிரிச்சுது. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, அவளுக்குக் கை தட்டினாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல.

கூடப் பொறந்தவ பண்ற காரியமாம்மா இது? சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னாதான், சரி, கேட்டா. ஆனா நான்தான் அப்புறம் பேசிக்கலாம்னேனே? ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியலையா?

முதல் பரிசு எங்களுக்குத்தான்னு அப்புறம் இருதயராஜ் சொன்னான். மைக்ல பேரு கேட்டாங்களாம். "அமலோற்பவம், பொன்மலை"ன்னாளாம். நான் அதுக்குள்ள எக்மோர் ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். தங்கச்சியைத் தெரியாத ஊர்ல விட்டுட்டு வந்துட்டான்னு பேசினாங்க. நான் விடலைம்மா. அவதான் என்னை விட்டா.

அமலி சித்தி வீட்டுல தங்கிட்டான்னு அப்பாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். மூணாம் நாள் இங்கிலீஷ் பேப்பர்ல படம் வந்துச்சு. ஷாப்ல யாரோ கொண்டு போய் அப்பாகிட்ட காட்டிட்டாங்க. அப்பா வீட்டுக்கு வந்து பேப்பரைத் தரையில விரிச்சு வச்சார். சத்தம் போடல. "உண்மையைச் சொல்லு, இவளாடா வாசிச்சா?"ன்னார். அவர் முகத்துல கோவமா வேற ஏதாவதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஏன்னா அடுத்து ஒண்ணு கேட்டார். "நல்லா வாசிச்சாளா?"ன்னு கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? ஊர் பூரா என்னைப் பார்த்துச் சிரிக்குது. "அவ எங்கப்பா வாசிச்சா, நான்தான் வாசிச்சேன். அவ மேடையில ஏறி ஆட்டம் போட்டா"ன்னேன்.

அப்பா பேப்பரை மடிச்சார். கிளைவ் வீட்டுச் சொந்தக்காரங்க பெரம்பூர்ல இருந்தாங்க, அமலி அங்க தங்கியிருந்தா. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னு கடிதாசு எழுதச் சொன்னார். அப்பாவுக்கு எழுத வராது. அவர் சொன்னதை நான் எழுதினேன். கடைசியில ரெண்டு வரி நானே சேர்த்தேன். என்ன வரின்னு கேக்காதீங்க. கோவத்துல எழுதினது.

அவ பம்பாய் போனா. ஹோட்டல்ல வாசிச்சா. அப்புறம் கல்கத்தா, அப்புறம் ஷில்லாங். ஒரு பெரிய தட்டு போட்டா. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். கல்யாணம் பண்ணிக்கல. கிட்டாரா? அதை அவதான் கொண்டு போயிட்டா, என் கிட்டாரை. என்கிட்ட அவ கேக்கல, நானும் திருப்பிக் கேக்கல.

கடிதாசு போட்டாம்மா. போடலைன்னு சொல்ல மாட்டேன், நான் பொய் சொல்றவன் இல்ல. அப்பா பேருக்கு மாசம் ஒண்ணு வரும். தபால்காரர் என்கிட்டதான் கொடுப்பார். அப்பாவுக்கு அப்போ பிரஷர் வந்துடுச்சு. அதைப் படிச்சுக் காட்டி எதாவது ஆயிட்டா? அதனால நானே வாங்கி டிரங்குப் பொட்டியில பத்திரமா வச்சேன். ஒண்ணைக்கூடப் பிரிக்கல. அடுத்தவங்க கடிதாசைப் பிரிக்கிறது எனக்குப் பிடிக்காது.

எழுபத்தொன்பதுல அப்பா செத்தார். படுக்கையில கெடந்தப்போ, "ஒரு வரி எழுதலையே அவ"ன்னு சொல்லிச் சொல்லி மருகினார். ஒரு தகப்பன் மனசை இப்படியா நோகடிப்பாங்க? அந்தப் பாவம் யாருக்கு? அவ ஒழுங்கா வீட்டோட இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே. தந்தி கொடுத்தியான்னு ஜெசிந்தா கேட்டா. கொடுத்தா மட்டும் வந்திருப்பாளா? ஷில்லாங் என்ன பக்கத்துலயா இருக்கு?

காபி ஆறுது பாருங்க. எடுத்துக்குங்க.

தொண்ணூத்து நாலுல அவ வந்தா. இன்ஸ்டிடியூட்ல ஏதோ விழா, கூப்பிட்டிருந்தாங்க. நான் போகலைன்னுதான் இருந்தேன். கால் கொண்டு போயிடுச்சு. உள்ளே போகல, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்னேன். ஜன்னல் வழியா தெரிஞ்சுது. தலை பாதி நரைச்சிருந்துச்சு. பேண்ட் சட்டை போட்டிருந்தா, கால்ல ஷூ. அந்தச் சிவப்புக் கிட்டார். திரை இல்ல, தூண் இல்ல, நடு மேடையில நின்னா. பொன்மலையே எழுந்து நின்னு கை தட்டுது, எங்க அப்பாகூட வேலை பார்த்த கிழவனுங்க உட்பட.

அவ வாசிக்கலாம். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மைக்கைப் பிடிச்சுப் பேசினா பாருங்க. "இந்த கிட்டார் எங்க அண்ணன் பெர்க்மான்ஸ் கொடுத்தது. அவர் பக்கத்துல உட்கார்ந்துதான் நான் கத்துக்கிட்டேன். முதல் நாள் அவர் என்னை இன்னொரு தடவை வாசின்னு சொல்லலைன்னா நான் இல்ல"ன்னா. என் பக்கத்துல நின்னவன் என் முதுகைத் தட்டறான்.

இருபத்து மூணு வருஷமா நான் ஊர் பூரா என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? துரோகி, கிட்டாரைத் திருடிக்கிட்டு ஓடினவன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவ ஒரே பேச்சுல அத்தனையையும் அடிச்சுட்டா. என்னைத் திட்டியிருக்கலாம். பாக்கெட்டுல ஒயர் வச்சுக்கிட்டு நின்னவன்னு சொல்லிச் சிரிக்க வச்சிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டா. கோவப்படற உரிமையைக்கூட எடுத்துக்கிட்டுப் போற தங்கச்சியை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

மறுநாள் காலையில இங்க வந்தா. இதே வீடு. தெருவுல பிள்ளைங்க சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்கிட்டேன். நான் உள் அறைக்குப் போயிட்டேன். அவர் ஷாப்புக்குப் போயிட்டார்னு சொல்லுன்னு ஜெசிந்தாகிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழமை. அதுகூட எனக்குத் தோணல.

ஜெசிந்தா சொன்னா. அமலி அதைக் கேட்டுக்கிட்டு முன் அறையில கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தா. என் செருப்பு வாசல்லயே கெடந்துச்சு, பார்த்திருப்பா. தண்ணி வாங்கிக் குடிச்சா. அப்பா படத்துக்கு முன்னால நின்னா. கடிதாசெல்லாம் அப்பாவுக்குக் கிடைச்சுதான்னு கேட்டா. ஜெசிந்தாவுக்குக் காது அப்போ நல்லாத்தான் கேட்டுது. ஆனா காதுல விழாத மாதிரி சொம்பை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அப்புறம் அமலி எழுந்து, உள் அறைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமா சொன்னா. "அண்ணே, நான் போயிட்டு வரேன்."

நான் கதவுக்கு உள்பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். தாழ்ப்பாள்ல கை இருந்துச்சு. திறக்கத்தான் போனேன், அதுக்குள்ள வாசல்ல ஆட்டோ கிளம்பற சத்தம் கேட்டுது.

அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் உயிரோட இருந்தாம்மா. வரவே இல்ல. போயிட்டு வரேன்னுதானே சொன்னா? போறேன்னு சொல்லலையே? வரேன்னு வாய் நிறையச் சொல்லிட்டு வராமப் போனா அதுக்குப் பேரு துரோகம் இல்லாம வேற என்ன?

எழுதிக்குங்க. இதையும் எழுதிக்குங்க.